வெள்ளக் காலத்துக்கு வாக்கி டாக்கி: தோட்டப்புறத்தில் எது கைகொடுக்கும், எது காலை வாரும்

லாபிஸ், சிகாமட் வட்டாரத்தில் ஆறு கரை புரள்வது புதிய சேதியல்ல. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று ஜொகூர் கண்ட பெருவெள்ளங்களை இங்குள்ளவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். கரண்ட் போனதும் கைப்பேசிக் கோபுரம் தன் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அதுவும் தீர்ந்துவிட்டால் பக்கத்து டிவிஷனில் இருக்கும் அண்ணனோடுகூடப் பேச முடியாது. அந்த நேரத்துக்குத்தான் கையடக்க வாக்கி டாக்கி. கோபுரமும் சிம்மும் இல்லாமல், ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேச்சு போய்ச் சேரும்.

சிக்கல் என்னவென்றால், கடையிலும் இணையத்திலும் இந்த ஒரே பெயரில் விற்பவை நான்கைந்து வகை. அவற்றில் சில வெள்ளத்தில் சுத்தமாக உதவாது, சிலவற்றை இந்நாட்டில் பேசப் பயன்படுத்தவே கூடாது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தோட்டப்புறக் குடும்பத்துக்கும் கோயில் குழுவுக்கும் ஏற்றது 477 மெகாஹெர்ட்ஸ் பிஆர்எஸ் (தனிநபர் வானொலிச் சேவை) வகை. 5 வாட், எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம்) சான்று முத்திரை, யுஎஸ்பி சார்ஜ், ஒரே மாடலில் குறைந்தது இரண்டு. ஏன் இது, ஏன் மற்றவை இல்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் ஒதுக்க வேண்டியது சிம் போடும் வாக்கி டாக்கி. ‘தூரத்துக்கு எல்லையே இல்லை, நாடு முழுக்கப் பேசலாம்’ என்று விளம்பரம் வரும். பார்க்க வாக்கி டாக்கி மாதிரியே இருக்கும், பொத்தானை அழுத்தித்தான் பேச வேண்டும். உள்ளே வேலை செய்வது கைப்பேசி இணையம். லோரி ஓட்டுநர்களுக்கும் பாதுகாவலர் நிறுவனங்களுக்கும் அருமையான சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோபுரம் அணைந்த அதே நிமிடம் இதுவும் அணைந்த மாதிரிதான். வெள்ளத்துக்கென்று இதை வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவது. விளம்பரத்தில் 4ஜி, சிம், மாதக் கட்டணம் என்ற மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, 446 மெகாஹெர்ட்ஸ் சிறிய செட். அரை வாட் சக்தி, கழற்ற முடியாத ஆண்டெனா, பெரும்பாலும் ஜோடியாக வரும், சட்டப்படியும் சரி. லயத்து வீடுகளுக்குள், பள்ளி விளையாட்டுப் போட்டியில், முன்னும் பின்னும் போகும் இரண்டு காருக்கிடையே நன்றாக இருக்கும். சில மாடல்களில் சாதாரண ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரி போடலாம். அது மளிகைக் கடையிலேயே கிடைக்கும் என்பதால் பெரிய வசதி. ஆனால் செம்பனைக்குள் அரை வாட் சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும்.

மூன்றாவது, எல்லோரும் கேட்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர். நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது, 136 முதல் 174 வரையும் 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் எந்த அலைவரிசையையும் எண் அழுத்தித் திறக்கலாம், எஃப்எம் வானொலியும் உண்டு. அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் வைத்திருப்பவர் கையில் இது நல்ல கருவி. உரிமம் இல்லாதவர் கையில் வம்பு. ஒரு எண் தவறினால் தோட்ட நிர்வாகம் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கும் அலைவரிசையிலோ, இன்னும் மோசமாக ஒரு மீட்புக் குழுவின் அலைவரிசையிலோ போய் விழுவீர்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் பதற்றத்தில் தொடப்போகும் கருவியில் இத்தனை பொத்தான் இருக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் பிஎஃப்-888எஸ் மாடலில் பொத்தான் குறைவு, மேலே திருகும் குமிழ்தான். ஆனால் அதன் வரம்பு 400–470 மெகாஹெர்ட்ஸ் என்று விவரத்திலேயே இருக்கிறது. நமக்கு வேண்டிய 477 அதற்கு வெளியே. தொழிற்சாலையிலிருந்து ஏற்றி வரும் சேனல்களும் இந்த நாட்டுக்கு உரியவை அல்ல.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் செட்டும் இதே கதைதான். அமெரிக்கக் குடும்ப வாக்கி டாக்கிகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. ஆஸ்திரேலிய யுஎச்எஃப் சிபி செட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதுவும் ‘477’ என்றே சொல்லப்படும், 5 வாட், தரமும் உயர்வு. ஆனால் அதன் 80 சேனல்களும் 476.425இல் தொடங்கி 477.4125இல் முடிந்துவிடும். மலேசியாவின் 38 சேனல்கள் 477.525இல் தொடங்கி 477.9875இல் முடியும். ஒன்றோடொன்று தொடவே தொடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாச் சேனலையும் திருகினாலும் ஒரு சத்தமும் கேட்காது.

ஆக மீதி இருப்பது பிஆர்எஸ். இதற்கு எம்சிஎம்சி பொதுவான வகுப்பு ஒதுக்கீடு கொடுத்திருக்கிறது. தனி உரிமமோ விண்ணப்பமோ ஆண்டுக் கட்டணமோ கிடையாது. 5 வாட் வரை அனுமதி. நிபந்தனை, செட் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் ‘சிரிம் ஸ்டிக்கர்’ என்று சொல்லும் முத்திரையைப் பெட்டியில் மட்டும் பார்த்தால் போதாது. பேட்டரியைக் கழற்றினால் செட்டின் முதுகிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 38 சேனல்களும் உள்ளேயே பதிந்து வரும். 1ஆம் சேனல் 477.525, அங்கிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும், 20ஆம் சேனல் 477.7625. இந்தக் கணக்கைக் கைவசம் வைத்திருந்தால், கடைக்காரர் ‘இதுவும் பிஆர்எஸ்தான்’ என்று நீட்டும் செட்டின் திரையில் ஓடும் எண்ணை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

தூரத்தைப் பற்றி நிறையக் கட்டுக்கதை உலவுகிறது. பெட்டியில் ‘10 கிலோமீட்டர்’ என்று போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் வரும். நெஞ்சு உயரம் 1.5 மீட்டர் என்றால் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5, கூட்டினால் 10. நடுவில் ஒரு மரம்கூட இல்லாத கடல்பரப்பில் அது நடக்கும். செம்பனைத் தோட்டத்தில் நடக்காது. 477 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 63 சென்டிமீட்டர். மட்டையும் ஓலையும் அதை உறிஞ்சும், சிதறடிக்கும், நனைந்த ஓலை இன்னும் அதிகமாக. முதிர்ந்த செம்பனைக்குள் 5 வாட் செட்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம். செம்மண் சாலை நேராக ஓடும் திசையில் கூடுதலாகவும், வரிசைகளைக் குறுக்கே வெட்டும்போது குறைவாகவும் கேட்கும்.

வாட் கூடினால் தூரம் அதே அளவு கூடும் என்பதும் தப்புக்கணக்கு. அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போவது பத்து மடங்கு சக்தி. தடையில்லாத வெளியில் அது தூரத்தை மூன்று மடங்குக்குச் சற்று மேலே தள்ளும். மரமும் மேடும் நிறைந்த நிலத்தில் இரண்டு மடங்குகூடத் தேறாது. அப்படியிருக்க, 5 வாட்டிலிருந்து ‘8 வாட்’ செட்டுக்குத் தாவுவதில் காதுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றும் வராது. பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும், சட்ட வரம்பும் தாண்டும்.

உயரம் கொடுப்பதை வாட் கொடுக்காது. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி சுற்றுப்புறத்தைவிட 25 மீட்டர் உயர்ந்த மேட்டில் இருந்தால், அங்கே நிற்பவரின் அடிவானம் மட்டும் 20 கிலோமீட்டர். ஆகவே ஒருவரை மேட்டில் நிறுத்துங்கள். ஆற்றோரம் இருப்பவர் சொல்வதை அவர் வாங்கி, பட்டணத்துப் பக்கம் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்லட்டும். எந்த விலை கூடிய ஆண்டெனாவும் இந்த ஆள் செய்யும் வேலையைச் செய்யாது. இடி மின்னல் இருக்கும்போது மட்டும் அந்த மேட்டுக்கு யாரையும் அனுப்பக் கூடாது. நம் ஊர் மாலை மழை மின்னலோடுதான் வரும், தொட்டியடியில் நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான ஆள்.

இனி பேட்டரி. செட் வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் இடமும் இதுதான், வெள்ளத்தில் முதலில் கைவிடும் பாகமும் இதுதான். 7.4 வோல்ட், 1800 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி உள்ள ஒரு 5 வாட் செட்டை எடுத்துக்கொள்வோம். பேசும்போது 1.4 ஆம்பியர், கேட்கும்போது 0.38, சும்மா இருக்கும்போது 0.075 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். இந்த வகைக்கு இயல்பான அளவுகள்தான். நிறுவனங்கள் ‘12 மணி நேரம்’ என்று சொல்வது 5 விழுக்காடு பேச்சு, 5 விழுக்காடு கேட்பு, 90 விழுக்காடு ஓய்வு என்ற கணக்கில். போட்டுப் பார்த்தால் பதினொன்றரை மணி நேரம் வருகிறது, பொய்யில்லை. ஆனால் வெள்ள இரவில் யார் 90 விழுக்காடு சும்மா இருப்பார்கள்? 20 விழுக்காடு பேச்சு, 30 விழுக்காடு கேட்பு என்று வந்தால் அதே பேட்டரி நான்கு மணி நேரத்தில் படுத்துவிடும். எனவே ஒரு செட்டுக்கு இரண்டு பேட்டரி என்பது ஆடம்பரமல்ல. கூடுதல் பேட்டரி தனியாக விற்கப்படாத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பக்கத்து ஆள் தெளிவாகக் கேட்கும்போது சக்தியைக் குறைந்த அளவில் வையுங்கள், பேட்டரி நீடிக்கும்.

சார்ஜ் செய்வது எப்படி என்று கடையிலேயே கேளுங்கள். தொட்டிலில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றும் பழைய வகைக்குச் சுவர் மின்சாரம் வேண்டும்; கரண்ட் போன ஊரில் அந்தத் தொட்டில் வெறும் பிளாஸ்டிக். பேட்டரியின் முதுகிலோ செட்டிலோ டைப்-சி துளை இருந்தால் பவர் பேங்கிலிருந்து ஏற்றலாம். 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று, வழியில் வீணாவது போக, மேலே சொன்ன பேட்டரியை ஏறக்குறைய இரண்டு தடவை நிரப்பும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மலிவுச் செட்டுகள் பலவற்றில் டைப்-சி துளைக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ-ஓம் மின்தடை இரண்டையும் போடாமல் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட செட், இரு முனையும் டைப்-சி உள்ள கம்பியில் சார்ஜே ஏறாது, விளக்குகூட எரியாது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி உள்ள கம்பியில்தான் ஏறும். செட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. கடையில் இரண்டு வகைக் கம்பியிலும் செருகிப் பாருங்கள். பழைய வகையில்தான் ஏறும் என்றால் அந்தக் கம்பியைச் செட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவையுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் மாதங்களில் லித்தியம் பேட்டரியை முழுதாக நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. பாதி அளவில், அடுப்படிச் சூடும் கார் டேஷ்போர்டு வெயிலும் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். அந்த மாதங்களில் வடிகால் நீர்ப்பாசனத் துறை உங்கள் ஆற்றுக்கு ‘வாஸ்பாடா’ (விழிப்பு) அளவு காட்டினால் அன்றைக்கே எல்லாவற்றையும் முழுதாக ஏற்றிவிடுங்கள். முதுகு உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவே போடாதீர்கள். ஏஏ பேட்டரி போடும் செட் என்றால், பேட்டரியை உள்ளேயே விட்டு அலமாரியில் வைக்க வேண்டாம். அல்கலைன் கசிந்து செம்புத் தகடு பச்சை பூத்துவிடும். லேசாகப் பூத்ததைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுக்கலாம், அரித்துப் போனதை ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர்த் தாங்கும் திறனை ஐபி எண் சொல்லும். ஐபி54 என்றால் மழைச் சாரலும் தெறிப்பும் தாங்கும், அவ்வளவுதான். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது. படகில் போகிறவருக்கும் ஆற்றோர வீட்டுக்கும் ஐபி67 வாங்குங்கள், விலை பல நூறு வெள்ளி ஆனாலும் பரவாயில்லை. மேட்டு வீட்டில் இருப்பவருக்கு ஐபி54 போதும். எந்த எண்ணாக இருந்தாலும் அது பக்கத்தில் இருக்கும் ரப்பர் மூடியை நம்பித்தான் நிற்கிறது. இயர்போன் துளையின் மூடி கிழிந்தாலோ சரியாக அமுங்காவிட்டாலோ ஐபி67 வெறும் எழுத்து. தண்ணீர் புகாது என்பதற்காக மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை கல் மாதிரி மூழ்கும், மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் தங்கினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். செட்டைக் கவிழ்த்து இரண்டு உதறு உதறினால் தெளிந்துவிடும்.

அவசரத்தில் பேச்சு போகாததற்குப் பெரும்பாலும் செட் காரணமாக இருக்காது. குமிழ் காரணமாக இருக்கும். சட்டைப்பையிலோ பையிலோ போட்டதும் சேனல் குமிழ் ஒரு பல் நகர்ந்துவிடும், இவர் 10இல் கத்துவார், அவர் 11இல் காத்திருப்பார். குமிழ் இறுக்கமாக, டக் டக்கென்று பல் தட்டித் திரும்புகிறதா என்று கடையில் பாருங்கள். பொத்தான் பூட்டு வசதியும் இருக்க வேண்டும். அடுத்த குற்றவாளி டோன், அதாவது குரலோடு சேர்த்துச் செட் அனுப்பும், நம் காதுக்குக் கேட்காத ஒலி. ‘தனிமைக் குறியீடு’ என்று விற்கப்படும் இது பேச்சை மறைப்பதில்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் டோன் இல்லாத குரலை உங்கள் செட்டில் அடைத்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. கலியாண வேலையில் அது வசதி, வெள்ளத்தில் ஆபத்து. டோன் போடாமல் உதவி கேட்பவரின் குரல் உங்களுக்குக் கேட்காமலே போகும். அவசரச் சேனலில் டோனை அணைத்துவையுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் குறியீட்டு எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 12ஆம் குறியீடு இன்னொன்றில் 13ஆக இருக்கலாம். 100.0 ஹெர்ட்ஸ் என்பது போல ஹெர்ட்ஸ் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். ஒரே மாடலாக வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குரலால் தானே திறக்கும் வாக்ஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கே அது திறந்துகொண்டு சேனலை அடைத்துவிடும்.

பேசும் முறைக்கும் வருவோம். செட் மின்சாரம் மிச்சப்படுத்த அடிக்கடி அரைத்தூக்கம் போடும். பொத்தானை அழுத்தியதும் பேசினால் முதல் சொல் விழுங்கப்படும், ஆகவே அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். முடித்த பிறகும் ஒரு கணம் விட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். ‘பாலத்துப் பக்கம் வர வேண்டாம்’ என்பதில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘வேண்டாம், வேண்டாம், பாலத்துப் பக்கம் வேண்டாம்’ என்று முன்னால் போட்டுச் சொல்லப் பழகுங்கள், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லட்டும். வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, ஆண்டெனா நட்டுக்குத்தலாக நிற்க, செட்டை முகத்துக்கு நேரே பிடியுங்கள். இடுப்பில் மாட்டியபடி மைக் கம்பியில் பேசினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு ஒருபோதும் பொத்தானை அழுத்தாதீர்கள், உள்ளே சக்தி தரும் டிரான்சிஸ்டர் கருகிவிடலாம்.

ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. இந்தச் செட்டிலிருந்து பொம்பாவையோ (தீயணைப்புத் துறை) போலீசையோ நேராகக் கூப்பிட முடியாது, அவர்களுக்குத் தனி வலையமைப்பு. நீங்கள் எட்ட வேண்டியது சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் உள்ள ஓர் ஆளை. அவர் 999க்கு அழைப்பார். அந்த ஆள் யார், எந்த வீடு என்பதை மழைக்கு முன்னே முடிவு செய்துகொள்ளுங்கள். எஃப்எம் உள்ள செட்டாக இருந்தால் மின்னல் எஃப்எம் செய்தியையும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அது ஓடும்போது அழைப்பு வந்தால் தானாக விட்டுக்கொடுக்கிறதா என்று முன்பே சோதித்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் முன் இரண்டு செட்டையும் போட்டு, ஒருவரைக் கடைவீதி முனை வரை, பிறகு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரை அனுப்பிப் பேசிப் பாருங்கள். சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், மழை பெய்யும் ஒரு நாளாகவே பார்த்து, தோட்டத்து வரைபடத்தில் எங்கிருந்து எங்கே கேட்கிறது, எங்கே செத்துப்போகிறது என்று புள்ளி வையுங்கள். ஆற்றோரம், லயம், தமிழ்ப்பள்ளி, தொட்டி மேடு, நிவாரண மையமாகும் மண்டபம் ஆகிய ஐந்து இடங்களையும் விடாமல் பாருங்கள். வெயில் நாளில் எடுத்த புள்ளிகளை நம்பாதீர்கள். ஒரு முதன்மைச் சேனல், அது நெரிசலானால் போக ஒரு மாற்றுச் சேனல், ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் செட்டைத் திறந்து வைப்பது என்ற ஏற்பாடு, இவற்றை எழுதிச் செட்டின் முதுகிலேயே ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப் போட்டுவிடுங்கள். பேட்டரி வற்றும்போது மற்ற நேரம் செட்டை அணைத்துவைத்தால், அந்த ஐந்து நிமிட ஏற்பாடு ஒன்றே ஒரு செட்டை இரண்டு இரவு வரை ஓட்டும்.